உறைபனி மாதங்களில் நாயை எங்கே படுக்க வைப்பது?

நவம்பர் பிறந்ததும் ஊட்டி தாவரவியல் பூங்காவில் ஒரு வேலை ஆரம்பமாகிவிடும். உறைபனியில் கருகிவிடாமல் இருக்க, மலர்ச்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டிக்கொண்டு வந்து கவிழ்த்து மூடுவார்கள். புல்வெளிக்குக் காலையில் தண்ணீர் தெளிப்பார்கள். தேயிலை வைத்திருப்பவர்கள் இளஞ்செடிகளுக்குத் தழை போட்டு மூடுவார்கள். கார் வைத்திருப்பவர்கள் முன்கண்ணாடி மேல் சாக்கையோ பழைய போர்வையையோ விரித்துவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். பனியோடு வாழப் பழகிய ஊர். எதையெல்லாம் மூட வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே வீடுகளின் பின்பக்கம், திறந்த வானத்தின் கீழ், குட்டைச் சங்கிலியில் ஒரு நாய் இரவு முழுக்கக் கட்டிக் கிடப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இந்த வருடம் அதைப் பற்றி எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் உறைபனி மாதங்களில் நாயை இரவில் வெளியே கட்டி வைக்கக் கூடாது. கூரையும் சுவரும் கதவும் உள்ள ஓர் இடத்தில் அது படுக்க வேண்டும். வீட்டுக்குள் என்றால் ரொம்ப நல்லது. வீட்டுக்குள் விட மனம் இல்லாதவர்கள் விறகுக் கொட்டகையிலோ, கார் நிறுத்தும் இடத்திலோ, சாமான் அறையிலோ ஒரு மூலையைக் கொடுக்கலாம். வெளியே மட்டும் வேண்டாம்.

சமவெளிக்காரர்களிடம் இந்த வாதத்தை நான் வைக்க மாட்டேன். சென்னையில் மார்கழி இரவில்கூட 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நனையாத, காற்று அடிக்காத ஒரு மூலை இருந்தால் வளர்ந்த நாய்க்கு அங்கே அது போதும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியின் கதை வேறு. கோத்தகிரியும் குன்னூரும் அதைவிடக் கீழே இருந்தாலும் அங்கேயும் இரவுகள் நாய்க்குச் சுலபமானவை அல்ல.

குளிரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் செய்தித்தாளில் வரும் எண்ணைத்தான் சொல்கிறார்கள். "நேத்து 4 டிகிரிதான், பூஜ்யத்துக்கெல்லாம் போகலை" என்பார்கள். அந்த 4 டிகிரி என்பது ஆளின் நெஞ்சு உயரத்தில், நிழற்பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டும் காற்றின் வெப்பம். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் தரை தன்னிடம் உள்ள சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடும். அதனால்தான் வெப்பமானி 3, 4 என்று காட்டும்போதே புல் மேல் வெள்ளை விரித்துக் கிடக்கிறது. நாய் படுத்திருப்பது நெஞ்சு உயரத்தில் அல்ல, அந்தப் புல்லில்.

இன்னொன்றும் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று உறைபனிக்குப் பேர்போன இடங்களெல்லாம் தாழ்வான, திறந்த இடங்கள்தான். நான் இருக்கும் கேத்திப் பக்கத்திலும் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மேட்டு வீட்டு முற்றத்தில் வெறும் ஈரம்தான் இருக்கும். கீழே ஓடை ஓரத்துக் கேரட் பாத்திகள் வெள்ளையாக உறைந்திருக்கும். ஆனால் நம் ஆட்கள் நாயைக் கட்டுவது எங்கே? வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்தின் கீழ்க்கோடியில், கேட் பக்கத்தில். ஒரே வளாகத்தில் மிகவும் குளிரும் இடம் அதுதான்.

மரத்தடியிலும் கூரைக்கு அடியிலும் உறைபனி விழுவதில்லை. வானத்துக்கும் தரைக்கும் நடுவில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், தரை அவ்வளவாகக் குளிராது. பூங்காவில் மிலார் செடியைக் கவிழ்ப்பது அதற்காகத்தான். நாய்க்குக் கூரை முக்கியம் என்று நான் சொல்வதும் அதே காரணத்தால்தான். மழை பெய்யவில்லையே, எதற்குக் கூரை என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

சரி, தெரு நாய்கள் பிழைத்துக்கொள்கின்றனவே என்பார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் என்னிடம் இதையேதான் கேட்டார். "ஏம்மா, மார்க்கெட்டுல இருக்கிற நாயெல்லாம் செத்தா போச்சு? அதுக்குத்தான் ஆண்டவன் ரோமம் குடுத்திருக்கான்ல?" நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடி மார்க்கெட் நாய்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவை ஒரே இடத்தில் படுப்பதில்லை. மாலையில் வெயில் கடைசியாகப் படும் சுவரோரம் போய்ச் சாய்கின்றன. இருட்டியதும் பேக்கரியின் அடுப்புச் சுவர், டீக்கடைக்காரர் கொட்டிய சாம்பல், அப்போதுதான் நிறுத்திய லாரியின் அடிப்பக்கம் என்று இடம் மாற்றுகின்றன. மூன்று நான்கு சேர்ந்து ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிச் சுருண்டுகொள்கின்றன. அப்படியும் தாங்கவில்லை என்றால் எழுந்து ஓடுகின்றன. ஓடினால் உடம்பு சூடாகும். அத்தனையும் தப்பிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் இணை சேரும் நாய்கள் ஏறத்தாழ 63 நாளில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் கண் திறக்கும் நேரம் உறைபனி மாதமாக இருக்கும். பிறந்த புதிதில் நாய்க்குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, நடுங்கக்கூட வராது. டிசம்பரில் சாக்கடை ஓரம் எத்தனை ஈற்று அப்படியே போகிறது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வளர்ந்த தெருநாய் பிழைப்பதற்குக் காரணம் ரோமம் மட்டும் அல்ல, அதற்கு இருக்கும் சுதந்திரமும்தான். இடம் மாற, சேர்ந்து படுக்க, ஓட அதனால் முடிகிறது. கழுத்தில் சங்கிலியை மாட்டிய அன்றே இந்த மூன்றையும் நாம் எடுத்துவிட்டோம். எடுத்தவர்கள்தான் அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுக்க வேண்டும். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததெல்லாம் இதுதான். நாயின் இயல்பு வெளியே இருப்பது என்று சொல்பவர்கள், அந்த இயல்பில் சங்கிலி இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நாயின் இனத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளாக நாட்டு நாய்கள் மேல் ஆர்வம் கூடியிருக்கிறது. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் 'மன் கி பாத்' பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களின் பெயரையெல்லாம் சொன்னார். அப்புறம் மலைக்கும் இவை நிறையவே வர ஆரம்பித்தன. ஆனால் இவை எந்த மண்ணில் உருவானவை? விருதுநகர், தூத்துக்குடி, தேனிப் பக்கத்துக் காய்ந்த நிலத்தில், வெயிலில் முயல் விரட்டவும் பட்டி காக்கவும் வளர்ந்தவை. சிப்பிப்பாறையைத் தடவிப் பார்த்தால் தெரியும்: குட்டையான ஒற்றை ரோமம், அதற்கடியில் மெல்லிய தோல், அதற்கடியில் நேராக விலா எலும்பு. கொழுப்பே கிடையாது. நீண்ட கால், ஒடுங்கிய வயிறு. வெயிலில் சூட்டை வேகமாக வெளியேற்ற அந்த உடம்பு எவ்வளவு பொருத்தமோ, உறைபனியில் சூட்டைப் பிடித்து வைக்க அவ்வளவு பொருத்தம் இல்லாதது.

குளிர்நாட்டு நாய்களுக்கு இரட்டை ரோமம் இருக்கும். வெளியே முரட்டு முடி, உள்ளே பஞ்சு போன்ற அடிமுடி. ஹஸ்கிக்கும் இமயமலைப் பக்கத்து ஆட்டிடையர் நாய்களுக்கும் பனியில் படுத்துறங்க முடிவது அந்த அடிமுடியால். குளிர்காலத்தில் அடிமுடி அடர்ந்து வளர வேண்டும் என்ற தகவல் நாயின் உடம்புக்கு முக்கியமாகப் பகல் நேரம் குறைவதிலிருந்துதான் கிடைக்கிறது. நீலகிரியோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். இங்கே வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். காஷ்மீரிலோ ரஷ்யாவிலோ நாய்க்குக் கிடைக்கும் அந்த எச்சரிக்கை இங்கே அதே பலத்தோடு கிடைப்பதில்லை. டிசம்பரில் ராஜபாளையத்திலிருந்து ஒரு குட்டியை வாங்கிக்கொண்டு வந்து, "பழகிடும்" என்று வெளியே விடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிமுடியே இல்லாத இனத்துக்கு எத்தனை வருடம் ஆனாலும் அடிமுடி வராது.

அலாஸ்காவில் நூற்றுக்கணக்கான மைல் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களைப் பற்றிச் சொல்பவர்களும் உண்டு. அந்த நாய்கள் பந்தயக் காலத்தில் நாளொன்றுக்கு 10,000 கலோரி அளவுக்குச் சாப்பிடுகின்றன. அங்கே நடக்கும் இடிட்டராட் சறுக்குவண்டிப் பந்தயத்தில் நிறுத்தங்களில் நாய்கள் படுக்க வைக்கோல் விரிக்கிறார்கள், ஓடும்போது கால்களுக்கு உறை மாட்டுகிறார்கள். பனிக்கென்றே பிறந்த நாய்க்கே இவ்வளவு ஏற்பாடு. ஒரு வேளை பழைய சோறும் கழுவிய தண்ணீரும் கொடுத்து வெளியே கட்டுவதற்கு அதை உதாரணமாகக் காட்ட முடியாது.

ஈரத்தையும் மறக்கக் கூடாது. ரோமத்துக்கு இடையில் தங்கும் காற்றுதான் நாயின் போர்வை. நனைந்தால் அந்தக் காற்று போய்விடும். அதனால் தூறலும் காற்றுமான 8 டிகிரி, காய்ந்த 2 டிகிரியைவிட மோசம். மழை என்றால் இங்கே எப்படி என்று அவலாஞ்சியைக் கேட்டால் தெரியும். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வெளியே கட்டிய நாய்கள் நாள் கணக்கில் காயாமலே கிடக்கின்றன. அதற்கும் இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் பொருந்தும்.

அடுத்து காவல். "உள்ளே கதகதப்பாகப் படுத்தால் நாய் எப்படிக் காவல் காக்கும்?" இது நான் அதிகம் கேட்ட எதிர்ப்பு. நீலகிரியில் இதற்குப் பதில் சொல்ல சிறுத்தை ஒன்றே போதும். வேலிக்கு வெளியே சங்கிலியில் கிடக்கும் நாயைவிடச் சுலபமான இரை சிறுத்தைக்குக் கிடையாது. அது ஓட முடியாது, ஒளிய முடியாது, சத்தமும் ஒரே ஒரு முறைதான் வரும். மகாராஷ்டிராவில் அகோலே பக்கத்து ஊர்களில் சிறுத்தைகள் என்ன தின்கின்றன என்று ஆய்வு செய்தபோது, ஆட்டையும் மாட்டையும் தாண்டி வீட்டு நாய்தான் முதலிடத்தில் இருந்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வராண்டாவில் படுத்திருந்த நாயைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போகும் சிசிடிவி காட்சிகளை வாட்ஸ்அப்பில் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இமயமலையில் நாயை வெளியே விடும் இடையர்கள், சிறுத்தை கழுத்தைக் கடிக்காமல் இருக்க முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவார்கள். அதுவும் நாயைக் கட்டாமல்தான் விடுவார்கள்.

அதனால் வராண்டா என்றால் கம்பி அடித்த வராண்டா. திறந்த திண்ணையில் படுக்க வைப்பது குளிருக்கு ஓரளவு பதில், சிறுத்தைக்குப் பதில் அல்ல. காவலைப் பற்றிய கவலையும் வேண்டாம். நாயின் காது நம் காதுக்கு எட்டாத ஒலிகளையெல்லாம் கேட்கும். 20,000 ஹெர்ட்ஸோடு நம் காது நின்றுவிடும், அதன் காது 45,000 வரை போகும். எங்கள் நாய் சின்னா சமையலறைக் கதவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டே கீழ்ச்சரிவில் காட்டெருமை நடப்பதைச் சொல்லிவிடுகிறான். குரைப்பைக் கேட்டு விளக்கைப் போடுவது நம் வேலை. உயிரோடு இருக்கும் நாய்தான் நாளைக்கும் குரைக்கும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் தடங்கல் வேறு மாதிரி. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று ஆரம்பிப்பார்கள். ஆசாரம், பூஜையறை, முடி, நாற்றம், உண்ணி. இவற்றை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். என் மாமியாரும் நாய் அடுப்படி தாண்டி வரக்கூடாது என்றுதான் சொன்னார். "பின்கட்டு வரைக்கும் வரட்டும், அதுக்கு மேல வேண்டாம்" என்றார். சின்னா அந்த எல்லையை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான், இன்றுவரை மீறியதில்லை. நாய்க்கு நம் கட்டில் தேவையில்லை. காற்றுப் புகாத நான்கு சுவர் தேவை, அவ்வளவுதான். வீட்டுச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அறையாக இருந்தால் அதிலேயே பாதிக் குளிர் போய்விடும்.

படுக்கையை எப்படிப் போடுவது என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். உடம்புச் சூட்டை மேலே இருக்கும் காற்றைவிடக் கீழே இருக்கும் சிமெண்டுத் தரை வேகமாக இழுக்கும். முதலில் ஒரு மரப்பலகை, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில். அதன் மேல் மடித்த சாக்கு. அதன் மேல் வைக்கோலோ நன்றாகக் காய்ந்த புல்லோ. போர்வையைவிட வைக்கோல் நல்லது. நாய் அதற்குள் குழி பறித்துப் புதைந்துகொள்ளும், லேசாக நனைந்தாலும் சீக்கிரம் உலரும். ஊட்டிப் பக்கம் நெல் கிடையாது, வைக்கோல் கீழேயிருந்துதான் வர வேண்டும். கிடைக்காவிட்டால் காய்ந்த மலைப்புல் போதும், ஆனால் வாரம் ஒரு முறையாவது மாற்ற வேண்டும். ஈரம் ஏறிய படுக்கை, படுக்கையே இல்லாததைவிட மோசம்.

தனிக் கூண்டு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சின்னதாகக் கட்டுங்கள். நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். பெரிய கூண்டைச் சூடாக்க அதன் உடம்பால் முடியாது. வாசல் காற்று அடிக்கும் பக்கத்துக்கு மறுபக்கத்தில் இருக்கட்டும், சாக்குத் திரை தொங்கட்டும். தகரக் கூரை மட்டும் போட்டால் நாயின் மூச்சே இரவில் நீராகிச் சொட்டும். அடியில் ஒரு பலகையோ தெர்மாகோலோ அடித்துவிடுங்கள். கூண்டு வீட்டுச் சுவரை ஒட்டி, மேட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உள்ளே விட்டபிறகு செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டாம். குளிர் காய கரி மூட்டி, கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடில் இறந்த செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. நாயையும் அது விட்டுவைக்காது. பாவம் என்று நாயின் அறையில் கரிச்சட்டி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்வெட்டர் போடுவதில் தப்பில்லை, குட்டை ரோம நாய்க்கு அது உதவும். நனைந்ததும் கழற்றிவிட வேண்டும். இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். தண்ணீர் உறையாத இடத்தில் வையுங்கள்.

நாயின் உடம்பு நம்முடையதைவிடச் சூடானது, 38 முதல் 39 டிகிரி வரை. நடுங்குவது அந்தச் சூட்டைக் காக்க உடம்பு எடுக்கும் முயற்சி. நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கத்தை நிறுத்திவிட்டு மந்தமாகி, கூப்பிட்டால் தலை தூக்காமல், ஈறு வெளுத்துக் கிடந்தால், அது சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பு முயற்சியைக் கைவிட்ட நிலை அது. உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், போர்வையில் சுற்றுங்கள், வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வயிற்றுப் பக்கம் வையுங்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வெந்நீரில் குளிப்பாட்டக் கூடாது, கை கால்களை அழுத்தித் தேய்க்கக் கூடாது. வயதான நாய்க்கு மூட்டுவலி குளிரில் கூடும். காலையில் எழத் தடுமாறினால் சோம்பல் என்று அதட்டாதீர்கள்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் கொடுக்காமல் இருப்பது குற்றம். மிகக் குட்டையான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதும் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் நாயை உள்ளே விடப்போவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2017-இல் கொண்டுவந்த சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. உறைநிலைக்குக் கீழே போனால் நாயை வெளியே 30 நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது என்று எண் போட்டுச் சொல்கிறது அது. நம் சட்டத்தில் இருக்கும் 'போதிய' என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி அளக்கலாம். டிகிரியையும் நிமிடத்தையும் அப்படி அளக்க முடியாது. மாவட்ட அளவில் இப்படி ஓர் உத்தரவாவது நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எனக்கு இன்னும் மனம் ஆறாதது கேரட் தோட்டத்து நாய்கள் விஷயத்தில்தான். காட்டுப்பன்றியும் கடமானும் வந்தால் குரைக்க வேண்டும் என்று பாத்தி ஓரத்தில் கட்டப்பட்டவை அவை. வீடு ஊருக்குள் இருக்கிறது, தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் விடு என்ற என் பேச்சு அங்கே செல்லாது. ஒரு இரவு பன்றி புகுந்தால் ஒரு குடும்பத்தின் மூன்று மாத உழைப்பு போய்விடும், அதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரு நாய்களைப் பற்றிக் கேட்ட அந்தப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் நான் கேட்டது இதுதான்: காவலுக்கு வரும் ஆளுக்கு நீங்கள் போட்டிருக்கும் குடிசை மேட்டில்தானே இருக்கிறது, நாயும் அதிலேயே இருக்கட்டும், ஆள் வராத நாளில் நாயையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். கொஞ்சம் யோசித்தார். "பலகை என்கிட்ட கிடக்கு, சாக்கு நீ குடு" என்றார். அவர் தோட்டத்து நாய் இப்போது அந்தக் குடிசையில் படுக்கிறது. அந்த ஓடையோரம் இன்னும் ஐந்தாறு தோட்டங்கள் இருக்கின்றன. உறைபனி பிப்ரவரி வரை விழும், என்னிடம் சாக்குகள் மிச்சம் இருக்கின்றன. பலகை வைத்திருப்பவர்கள் கேத்திப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.